பளபளக்கும் அடுக்களையிலும் வயிறு கெடும்

சாரல் பிடித்து ஒரு வாரம் ஆனால் போதும், எங்கள் பள்ளியில் அரிசி அளக்கும் கணக்கு இறங்க ஆரம்பித்துவிடும். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று காலையில் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டு எழுதிக்கொண்டுதான் அரிசியும் பருப்பும் எடுத்துக் கொடுப்பேன். எண்ணிக்கை குறைந்த நாளில் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவனுக்கு வயித்தோட்டம் டீச்சர்." ஆனி, ஆடியில் இது ஒரு முறை. மறுபடி ஐப்பசி, கார்த்திகையில் துலாமழையோடு இன்னொரு முறை. தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, வயிற்றுக் கோளாறுக்கும் அப்படியே இரண்டு பருவம்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அழுக்கான வீடுகள் என்று ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுகாதாரம் பற்றிப் பேச வருகிறவர்களில் பலர், கிராமத்து அம்மாக்களுக்குச் சுத்தம் தெரியாது என்ற நினைப்போடுதான் வாயைத் திறக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். விடியுமுன் முற்றம் தூத்து, அடுப்புச் சாம்பலை வாரி, பாத்திரங்களைக் கதம்பை நார் வைத்துத் தேய்த்து, வெயில் படும் இடத்தில் கவிழ்த்து வைக்கிற பெண்கள் இவர்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்து இத்தனையும் செய்கிறார்கள்.

அப்படியும் பிள்ளைக்கு வயிறு கெடுகிறது. கண்ணில் படுகிற அழுக்கை நாம் விடுவதில்லை. வயிற்றைக் கெடுக்கிற கிருமி கண்ணில் படுவதில்லை. அது தண்ணீரோடு வருகிறது, ஆறிப்போன சாப்பாட்டில் மணிக்கணக்கில் பெருகுகிறது, மீன் வெட்டிய பிச்சாத்தியிலிருந்து உள்ளிக்கும் பச்சைமிளகாய்க்கும் போகிறது. தரையையும் பாத்திரத்தையும் எவ்வளவு தேய்த்தாலும் இந்த மூன்று வழியும் திறந்தேதான் இருக்கும். பள்ளிச் சமையலறையில் இதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. பரிமாறும் முன் நாங்கள் ருசி பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், மிஞ்சியதை மறுநாளைக்கு வைப்பதில்லை. வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டை அம்மாவே தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் பக்கம் அதுதான் பெரிய விஷயம். கிணறு இல்லாத வீடு இங்கே குறைவு. குழாய் வந்த பிறகும் குடிக்கவும் கஞ்சி வைக்கவும் கிணற்றுத் தண்ணீரே வேண்டும் என்பவர்கள் அதிகம். ருசி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கிணறுகளைத் தோண்டிய காலத்தில் பக்கத்தில் கழிவறைக் குழி கிடையாது. தோட்டம் பங்கு பிரிந்து பிரிந்து, பங்குக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு குழி என்று வந்துவிட்டது. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரக் கணக்கு. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சதுரமான மனையாக இருந்தால்கூட ஒரு பக்கம் 47 அடிக்கு மேல் வராது. அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் இருக்கின்றன! அதோடு நம் நிலம் மேடும் பள்ளமுமானது. மேல்வீட்டுக் குழியின் ஊற்று கீழ்வீட்டுக் கிணற்றைத் தேடித்தான் இறங்கும். மண் நனைந்து ஊறியிருக்கும் மழைக்காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். 2021 நவம்பர் வெள்ளத்தில் வயலோரத்துக் கிணறுகள் பலவற்றில் கலங்கல் தண்ணீர் நேராகவே புகுந்தது.

குழியை இனி நகர்த்த முடியாது. கிணற்றைக் கவனிக்கலாம். பிளீச்சிங் பவுடர் போடுங்கள் என்றால், பலர் ஒரு பிடி அள்ளி அப்படியே கிணற்றுக்குள் வீசிவிடுகிறார்கள். அது கட்டியாக மிதந்து, பிறகு அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீர் முழுவதும் கலக்காது. முறை இதுதான். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் எடுத்து அதை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 0.785-ஆல் பெருக்கினால் எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்று வந்துவிடும். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். அதற்கு நல்ல வீரியமுள்ள பவுடர் இரண்டரை கிராம். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் 9,400 லிட்டர் சொச்சம் வரும், 24 கிராம் வேண்டும். அந்தப் பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளிக்கு மாற்றிக் கயிற்றில் இறக்கி, கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் வைத்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. ராத்திரி எல்லாரும் படுக்கப் போகும்போது செய்வது வசதி. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் கலங்கிய தண்ணீருக்கும் இந்த அளவு காணாது. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். வாயைத் திறந்துபோட்ட பழைய பாக்கெட்டை நம்ப வேண்டாம், அதில் குளோரின் பெரும்பாலும் பறந்து போயிருக்கும்.

இதைச் செய்தாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு வேதனை. கல்யாண வீட்டிலும் அடியந்திர வீட்டிலும் பாருங்கள், பெரிய குட்டுவத்தில் சீரகம் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். சூடு அதிகம், குடிக்க முடியவில்லை என்று யாராவது சொன்னதும் கிணற்றிலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றிவிடுவார்கள். கொதிக்க வைக்க எரித்த விறகு அத்தனையும் வீண். இளஞ்சூட்டில் கிருமிக்கு இன்னும் கொண்டாட்டம். வீட்டிலும் இதே பழக்கம் உண்டு. முந்தின நாள் ராத்திரியே கொதிக்க வைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் தானாக ஆறியிருக்கும். எங்கள் வீட்டில் மூடிய பானைக்குள் யாரும் செம்பை விட்டுக் கோரக் கூடாது, நீண்ட கைப்பிடி வைத்த தவி ஒன்று அதற்கென்றே தொங்கும். பிள்ளைகள் விரல் நனையக் கோருவதை நிறுத்த வேறு வழி தெரியவில்லை.

வயிறு கெட்டதும் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, "நேத்து ராத்திரி என்ன தின்ன?" என்பதுதான். கேள்வி தப்பில்லை, ஆனால் பல நேரம் ஆளை மாற்றிப் பிடிக்கிறோம். ஆறிய சோற்றில் உண்டான நச்சு என்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி வந்துவிடும். டைபாய்டு உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சலாகத் தெரியும். தண்ணீர் வழியாக வருகிற ஏ வகை மஞ்சள் காமாலை 15 நாளிலிருந்து 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஆடியில் குடித்த தண்ணீருக்கு ஆவணியில் கண் மஞ்சளாகும்போது, பாவம், நேற்று கடையில் வாங்கிய புரோட்டா மேல் பழி விழும். கிணற்றை யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது மீன். கடற்கரைப் பக்கம் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுக்கும் இடத்தில் வீடு இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மீன் துள்ளத் துள்ள வரும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் காலையில் ஏலம் போன அயிலை எங்கள் மலையோரத்துக்கு வண்டியில் ஏறி, சந்தையில் இறங்கி, தெருத்தெருவாகச் சுற்றி வந்து சேர வெயில் ஏறிவிடும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் நாட்டுப்படகு மீன் போக, பாக்கி வருவது தூரத்து ஐஸ் மீன்தான்.

2018-இல் கேரளத்தில் சாகர் ராணி என்ற பெயரில் நடந்த சோதனையில் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அதிலிருந்து மீன் என்றாலே ஃபார்மலின் பேச்சுத்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஃபார்மலினைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் ஐஸைப் பற்றிப் பேசுவதில்லை. சூரை, அயிலை, சாளை மூன்றிலும் ஹிஸ்டிடின் என்ற புரதக்கூறு நிறைய இருக்கிறது. ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அப்படி ஆன மீனை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், பிரீசரில் வைத்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பெல்லாம் தடித்துச் சொறியும், தலை வலிக்கும், வாந்தி வரும். நம் ஊரில் இதை "அவனுக்குச் சூரை சேராது" என்று முடித்துவிடுவார்கள். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே சட்டி மீனில் சேராமல் போனால் அது அந்த ஆளின் உடம்புக் குணம் அல்ல, மீன் வெயிலில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் நான் மீன் வாங்கும்போது விலைக்கு முன் ஐஸைப் பார்ப்பேன். பெட்டியில் மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் இருக்க வேண்டும். மேலே நாலு துண்டு மட்டும் கிடந்தால் போதாது. செவுள் சிவப்பாக, கண் பிதுங்கி, விரலால் அமுக்கினால் குழி விழாமல் எழ வேண்டும் என்பதெல்லாம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீடு தேடி மீன் கொண்டுவருகிற அக்காவிடம் மனம் விட்டுப் பேசினேன். "ஐஸுக்கு ரூவா ஆவும் மைனி, யாரு தருவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐஸ் போட்டுக் கொண்டுவந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம் என்று எங்கள் வரிசையில் உள்ள நான்கைந்து வீடுகள் சேர்ந்து சொன்னோம். இப்போது பெட்டியில் ஐஸோடுதான் வருகிறார். சுகாதாரம் என்றால் இந்த ஐஸுக்கான காசை யார் தருவது என்பதும் அதற்குள் வரும்.

மீனை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நம் கையில்தான் எல்லாம். கிணற்றடியில் உட்கார்ந்து மீன் கழுவுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் கிணற்றடியிலேயே தேங்கி, வெடிப்பு வழியாக உள்ளே இறங்கும். கல்லுப்பு போட்டுச் சொரசொரப்பான மண்சட்டியில் உரசிக் கழுவுகிற நம் முறை மிக நல்லது, ஆனால் அந்தச் சட்டியில் வேறெதையும் கழுவக் கூடாது. மீனுக்கு ஒரு பிச்சாத்தி, காய்கறிக்கு இன்னொன்று. எங்கள் வீட்டில் மீன் பிச்சாத்தியின் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், யார் எடுத்தாலும் குழப்பம் வராது. கோழியைக் குழாயடியில் வைத்து வேகமாகக் கழுவினால் தெறிக்கிற துளிகளோடு கிருமியும் சுற்றி இருக்கிற பாத்திரங்கள் மேல் போய் விழும். வேகும்போது அந்தக் கிருமி செத்துவிடப் போகிறது, அதனால் கழுவாமலே சமைக்கலாம். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால் பாத்திரத்துக்குள் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள்.

கரித்துணியை மறந்துவிட்டேன். சட்டி இறக்க, மேடை துடைக்க, கை துடைக்க, தட்டு துடைக்க எல்லாவற்றுக்கும் ஒரே துணி. நாள் முழுவதும் ஈரம். அடுக்களையில் நான் அதிகம் பயப்படுவது அந்தத் துணிக்குத்தான். ராத்திரி அடுப்பில் தணல் இருக்கும்போதே ஒரு பழைய சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்து, காலை வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் காயாது என்றால் மாற்றுவதற்கு நாலு துணி இருக்கட்டும்.

என் மாமியாருக்கு இதெல்லாம் ஒத்துவராது. நல்ல சமையல்காரி, கெட்டிக்காரி. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு அவிப்பார். கேட்டால், "கட்டு போகணும் மக்களே" என்பார். அந்தக் கிழங்கில் சயனைடு ஆகக்கூடிய பொருள் இருக்கிறது, கசப்பு அதிகமான கிழங்கில் அதுவும் அதிகம். தோலைச் சீவி, துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்த காலத்திலிருந்து அடுக்களைப் பெண்கள் கைமாற்றி வந்த பாடம் இது, ஒரு புத்தகமும் இல்லாமல். குக்கரில் போட்டு வடிக்காமல் எடுக்கிற இப்போதைய அவசரத்தைவிட அவர் செய்வதுதான் சரி. மீன்குழம்பை ராத்திரி ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் தளதளவென்று கொதிக்க வைத்து இறக்குவார். புளி சேர்ந்த குழம்பு அப்படி நிற்கும். தேங்காய் அரைத்துவிட்ட கறியை மறுநாளைக்கு வைக்கவே மாட்டார். அதுவும் சரி.

பழஞ்சி விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். ராத்திரிச் சோறு சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் அது புளித்து, அந்தப் புளிப்பே கெட்ட கிருமியை அடக்கும். அந்தப் பழஞ்சியை உள்ளியும் மிளகாயும் கடித்துக்கொண்டு நானும் குடிப்பேன். இப்போது நடப்பது வேறு. காலை ஏழு மணிக்கு வடித்த சோறு, பகல் முழுவதும் சட்டியில் வெதுவெதுப்பாகக் கிடந்து, மிஞ்சியதில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீர் விழுகிறது. அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து உண்டு. சோறு கொதிக்கும்போதுகூட அது சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து, வாந்தி வரவைக்கிற நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் வை என்று உலக சுகாதார நிறுவனம் 2001-இலிருந்து சொல்லி வருகிறது. நம் வீட்டில் நடக்கக்கூடிய வழி, மதியத்துக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாக வடிப்பதுதான். விறகு கொஞ்சம் கூடும். கூடட்டும்.

பச்சை முட்டையிலும் தேனிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் நல்லெண்ணெயோடு பச்சை நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. முட்டையின் ஓட்டிலும் உள்ளேயும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதே முட்டையை அவித்துக் கொடுத்தால் சத்து குறைந்துவிடாது, பச்சையாகக் குடிப்பதைவிட அவித்ததில்தான் புரதம் நன்றாகச் செரிக்கும். அப்புறம் தேன். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்பெற்ற மாவட்டம் இது, அதனாலேயே பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது இங்கே ஒரு பெருமை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வித்து, சிசுவின் குடலில் முளைத்து நரம்பையும் தசையையும் தளர வைக்கும் நச்சை உண்டாக்கும். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. தேன் சுத்தமான தேனாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

ஒருநாள் சாயங்காலம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியார் வழக்கமான வார்த்தையைச் சொன்னார்: "எங்க காலத்துல இதெல்லாமா பாத்தோம்? நாங்க என்ன செத்தா போனோம்?" சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே, "ரெண்டு பிள்ளைய வயித்தோட்டத்துல விட்டேன்" என்றார். அவர் பெற்றது ஆறு, வளர்ந்தது நாலு என்று எனக்குத் தெரியும். என்ன நோய் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் குறை வைத்திருக்க மாட்டார், பேதி என்றால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அப்போது பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு தேன் பேச்சை அவர் எடுக்கவில்லை. என் நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது தேன் குப்பியோடு வந்த உறவுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, "வேண்டாம், டாக்டர் திட்டுவாரு" என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

கொப்பரை காயப்போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே பலரும் வீட்டுத் தேங்காயைக் காயவைத்து மில்லில் ஆட்டி எண்ணெய் எடுக்கிறோம். காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மழை நனைத்துவிட்டால் மஞ்சள் பச்சையாகப் பூஞ்சை படரும். அதைத் துடைத்துவிட்டு ஆட்டக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தப் பூஞ்சையில் சிலவகை அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கும். தாளிக்கிற சூட்டிலும் அழியாது. கொப்பரையில் ஈரம் 6, 7 சதவிகிதத்துக்கு இறங்கும்வரை காய வேண்டும். ஒடித்தால் படாரென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பூஞ்சை பிடித்த துண்டை ஒதுக்கிவிடுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போட வேண்டாம்.

ரப்பர் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதை இனிச் சொல்கிறேன். கிருமியைவிட இது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்க நாம் வாங்குவது ஃபார்மிக் ஆசிட். தண்ணீர் போலவே இருக்கும். கன்னாசில், அதாவது கேனில், வாங்கி, தினசரி உபயோகத்துக்குப் பழைய குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி, ஷீட் அடிக்கும் கொட்டகையிலும், மழை என்றால் அடுக்களைத் திண்ணையிலும் வைத்துவிடுகிறோம். வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளை கையில் கிடைத்த பாட்டிலைத்தான் தூக்கும். ஒரு மடக்குப் போனால் வாயும் உணவுக்குழாயும் வெந்துவிடும். பிழைத்தாலும் சோறு விழுங்க முடியாமல் போகலாம். வாழைக்கு வைக்கும் குருணை மருந்தும் தென்னைக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் இப்படியே. பீகாரில் சப்ரா பக்கம் ஒரு பள்ளியில் 2013 ஜூலையில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பள்ளியில் எண்ணெய் பாக்கெட்டை உடைப்பதும் ஊற்றுவதும் என் கண் முன்னால்தான் நடக்கும். சமையல் செய்கிற அக்காவும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆசிட்டை வாங்கிய கன்னாசிலேயே வையுங்கள். குடிக்கிற பாட்டில், குழம்புச் சட்டி, செம்பு எதிலும் மாற்ற வேண்டாம். கொட்டகையில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அடுக்களைக்குள் அது எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். ஏறி வரும்போது இரண்டாம் முறை சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐக் கூப்பிட்டு, அந்தக் கன்னாசையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரலாம். வந்துவிட்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும், மழைக்கு முன்பே நாலு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத நேரத்தில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. கலக்கியது ஒரு நாளைக்குத்தான், மறுநாளைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் நல்லது. பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) மாத்திரை கொடுத்தால், ஓட்டம் இரண்டு நாளில் நின்றுபோனாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த குழந்தைக்கு 10. மலத்தில் ரத்தம் கண்டாலோ, கண் குழிந்துபோனாலோ, நெடுநேரம் மூத்திரம் போகாமல் இருந்தாலோ, குடிக்க முடியாமல் பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ மழை விடும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி எத்தனை மணியானாலும் வண்டி பிடித்துப் போய்விடுங்கள்.